தனியாகச் சலித்து வைத்த திருநீறு

எங்கள் கடையில் திருநீறு மூன்று தரம். மூட்டையில் வருவதை அப்படியே அள்ளிப் பொட்டலம் கட்டுவது ஒன்று. பௌர்ணமிக் கூட்டத்துக்கு அதுதான் ஓடும். ஒரு தடவை சலித்தது இரண்டாவது. பழைய வேட்டித் துணியை இரட்டையாக மடித்துப் பாத்திரத்தின் வாயில் கட்டி, தட்டித் தட்டிச் சலித்தால் விரலில் ஒட்டியிருப்பதே தெரியாத அளவுக்கு நைசாக விழும். அது மூன்றாவது. கேட்டு வாங்குபவர்களுக்கு மட்டும்தான் அதைக் கொடுப்பேன். அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையில், பசுஞ்சாணத் திருநீறு என்று பொய்யில்லாமல் சொல்லி விற்கிற கடை. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் ஒருத்தியாகவே நடத்தினேன். யாரிடமும் போய் நின்றதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

மகன் ஆட்டோ ஓட்டுகிறான். மருமகளைச் செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எடுத்தோம். ஒல்லியான பெண். சத்தம் போட்டுப் பேச மாட்டாள். ஆனால் கை சுறுசுறுப்பு. கல்யாணமான மறுவருஷம் முழுகாமல் இருந்தாள். மூன்று மாதம் எது போட்டாலும் வாந்தி. நான்காம் மாதம் கொஞ்சம் தெளிந்து, வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று மத்தியானத்தில் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். நான் சலிப்பேன், அவள் பொட்டலம் மடிப்பாள்.

ஒருநாள் பார்க்கிறேன், விரலை நாக்கில் வைக்கிறாள். மறுபடியும் தொடுகிறாள், மறுபடியும் வைக்கிறாள்.

“இன்னாடி பண்ற?”

அவள் பயந்துவிட்டாள். “இல்ல அத்தை... வாசனை ஒரு மாதிரி இழுக்குது. மழை பேஞ்ச மண்ணு மாதிரி. சோறு பாத்தா கொமட்டுது, இது மட்டும் கேக்குது.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சும்மா சொல்லவில்லை, கையில் ரோமம் எழுந்து நின்றது. எத்தனை வருஷமாக இந்த மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! என் வீட்டு வயிற்றில் வந்திருக்கிற பிள்ளை சோறு கேட்கவில்லை, சாமியின் திருநீற்றைக் கேட்கிறது. இதைவிட ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும்?

“துன்னு, கண்ணு. நீயா கேக்கற? உள்ள இருக்கறது கேக்குது” என்றேன்.

அன்றைக்கே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கழுவிக் காயவைத்தேன். புதிதாகப் பிரித்த மூட்டையிலிருந்து எடுத்து, இரண்டு முறை சலித்து, அதில் நிரப்பி அவளுக்கென்று தனியாக வைத்தேன். தீரத் தீர நானே நிரப்பினேன். முதலில் ஒரு சிட்டிகை. அப்புறம் உள்ளங்கை அளவு. ஆறாம் மாதத்தில் ஒரு டப்பா ஒரு வாரம்கூட வராது.

வந்தவர் போனவரிடமெல்லாம் இது சாமி பிள்ளை என்று சொன்னேன். வாடிக்கையாக வருகிற பெண்கள் அவள் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு போனார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே கொடுப்பாள். நான் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த கடை வளையல் கடை. பாய் வீட்டம்மா வைத்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் நீளம், மனசு நல்லது. அவள்தான் முதலில் கேலி செய்தாள்.

“இன்னாக்கா, மருமவ லாபத்தையே துன்றா போல?”

“துன்னட்டும், உனக்கு இன்னா? உங்கிட்ட வளையலு கேட்டாளா?”

“வளையலு கேட்டாக்கூட குடுத்துட்டுப் போறேன்க்கா. எங்க சின்ன நாத்தனா இருக்கால்ல, அவ மாசமா இருக்கச் சொல்ல செங்கல்லு துன்னா. இடிச்சு இடிச்சு துன்னா. டாக்டரம்மாகிட்ட இட்டுக்கினு போனா, ரத்தம் கம்மி, அதான் இப்டி கேக்குதுன்னாங்க. நீயும் ஒரு வார்த்தை சொல்லிடு நர்ஸம்மாகிட்ட.”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “செங்கல்லும் விபூதியும் ஒண்ணா? வாயி இருக்குன்னு பேசாத.”

“ஐய, நான் உங்க சாமியச் சொல்லலக்கா. பொண்ணு மூஞ்சியப் பாரு. வெள்ளைப் பேப்பரு மாதிரி இருக்குது.”

ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை.

நான் ஒன்றும் பார்த்துக்கொள்ளாதவள் இல்லை. அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவை வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தேன். முருங்கைக் கீரை வாரம் மூன்று நாள். இரும்புச்சத்து மாத்திரை ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. எனக்கு அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து ஓடாது, ஆனால் நிறம் தெரியும். தினம் சாயங்காலம் நானே பிரித்து, அவள் கையில் வைத்து, விழுங்குகிற வரைக்கும் நிற்பேன். தண்ணீரோடு போட்டால் குமட்டுகிறது என்றாள். சூடாக டீ போட்டுக் கொடுத்தேன். டீயோடு போட்டால் பாதிச் சத்து உடம்பில் சேராது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்குமோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாசமான பெண்களைப் பார்ப்பார்கள். எங்கள் நர்ஸம்மா கறாரானவள். முதல் தடவை விரலில் குத்திப் பார்த்து ரத்தம் ஒன்பது என்றாள். அடுத்த முறை எட்டு. ஏழாம் மாதம் போனபோது ஏழு. ரத்த அளவு எழுதின அட்டையைப் பார்த்தாள், மருமகள் முகத்தைப் பார்த்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். வரிசையில் பதினைந்து பெண்கள் நின்றார்கள்.

“மாத்திரைய முழுங்கறியா, இல்ல ஜன்னல் வழியா விட்டெறியிறியா?”

“முழுங்கறேன் மேடம்.”

“முழுங்கனா ஏறணும்மா. இது எறங்கிக்கினு போவுது. எங்கிட்ட பொய் சொல்றதா நெனச்சுக்கினு உன் புள்ளைக்குப் பொய் சொல்ற நீ. உன்னை மாதிரி எத்தினி பேரப் பாத்துருக்கேன் நானு.”

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். நர்ஸம்மா கொஞ்சம் இறங்கி வந்து, மெதுவாகக் கேட்டாள்.

“வேற எதுனா வாயில போட்டுக்கிறியா? மண்ணு, பல்பம், பச்சரிசி, அந்த மாதிரி? வெக்கப்படாத. நெறைய பேருக்கு இருக்கும். சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும்.”

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

“எங்க வீட்ல அந்த மாதிரி பழக்கமெல்லாம் கிடையாது மேடம்” என்றேன்.

தெரியாமல் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. மண்ணும் பல்பமும் இருக்கிற வரிசையில் திருநீற்றைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதோடு, சொன்னால் நிறுத்தச் சொல்வாள் என்றும் தெரியும். ஊரெல்லாம் சாமி பிள்ளை என்று சொல்லிவிட்டு, பதினைந்து பேர் நடுவில் அது ஒரு வியாதி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். என் மருமகள் பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு நின்றாள். ஒரு மாத்திரைகூட அவள் எறியவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள். “அத்தை, சொல்லிருக்கலாமா?”

“இன்னாத்த?”

“ஒண்ணும் இல்ல.”

நர்ஸம்மா சீட்டு எழுதி, ரத்தம் ஏற நரம்பில் மருந்து ஏற்றிக்கொள்ளப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஒரு தடவை ஏற்றினார்கள். அடுத்ததற்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எட்டாம் மாதம் தொடங்கின புதிதில், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவளுக்கு வலி வந்துவிட்டது.

பெண் குழந்தை. ஒன்றரை கிலோகூட இல்லை. பிறந்த உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோனார்கள். தாய்க்கு ஏற்கெனவே ரத்தம் இல்லை, பிரசவத்தில் இன்னும் போயிற்று. அவளை வேறு வார்டில் போட்டு, பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். எழுந்து உட்கார்ந்தால் மயக்கம். சக்கர நாற்காலியில் வைத்து இரண்டு முறை கூட்டிப்போய்க் குழந்தையைக் காட்டினார்கள். கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தாள். அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ராப்பகலாகப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் அங்கே இருந்த நர்ஸ் பெண் ஒருத்தி வெளியே வந்து கேட்டாள். “இந்தப் பாப்பாவை யாராவது நெஞ்சோட சேத்து வெச்சுக்கணும். அம்மாவால முடியல. வீட்ல பொம்பளைங்க யாரும்மா இருக்கீங்க?”

“நான் இருக்கேன்.”

“குளிச்சிட்டு வாங்க. நகமெல்லாம் வெட்டிடுங்க. நெத்தியில இருக்கறதையும் நல்லா கழுவிடுங்க. பொடி எதுவும் பாப்பாகிட்ட போகக் கூடாது.”

என் நெற்றி வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தேன். பரவாயில்லை என்று போனேன்.

ரவிக்கையை அவிழ்த்துவிட்டு, மார்பில் குழந்தையைக் கவிழ்த்து வைத்துத் துணியால் கட்டினார்கள். தலையில் சின்னக் குல்லா, மூக்கில் பால் போகிற குழாய். என் இரண்டு கையும் சேர்ந்தால் அவள் முதுகு மறைந்துவிடும். அசையாமல் சாய்ந்து உட்கார வேண்டும். நான்கு நாள் அப்படி உட்கார்ந்திருந்தேன். சாப்பிடப் போகிற நேரம், பெட்டிக்குள் வைக்கிற நேரம் போக மற்றபடி என் மேல்தான் இருந்தாள். எடை ஏறுகிறது என்று ஒருநாள் அந்த நர்ஸ் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

ஏழாம் நாள் காய்ச்சல் போல உடம்பு சுட்டது, அப்புறம் சில்லிட்டது. கிருமி என்றார்கள். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு எதிர்த்து நிற்கச் சக்தி கம்மி என்றார்கள். மறுபடியும் பெட்டிக்குள் வைத்து, என்னை வெளியே அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம் மகனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதில் தாயின் பெயர்தான் எழுதியிருந்தது. அவளுக்கென்று ஒரு பெயர் நாங்கள் இன்னும் வைக்கவில்லை.

மருமகளை வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல மாதிரி. திட்டவில்லை.

“இவ்வளவு ரத்தக்குறைவு எப்படிம்மா? மாத்திரை போட்டேன்னு சொல்ற. அடுத்த தடவைக்காகக் கேக்கறேன். வேற எதாவது சாப்பிட்டியா?”

நான் கால்மாட்டில் துணிப் பையோடு நின்றேன். இப்போது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“விபூதி துன்னேன் டாக்டர். நாலாம் மாசத்துலேர்ந்து. ஜாஸ்தியாவே துன்னேன்.”

“வீட்ல யாருக்கும் தெரியாதா?”

“தெரியாது. அத்தைக்குத் தெரியாம எடுத்துத் துன்னேன்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். பாவம், இந்த அம்மாவுக்குத் தெரியவில்லை என்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் அவளிடம், ரத்தம் இல்லாவிட்டால் உடம்பு கண்டதையும் கேட்கும், அப்படிச் சாப்பிட்டால் மாத்திரையின் சத்தும் சேராமல் போகும், முதலிலேயே தெரிந்திருந்தால் முதலிலேயே மருந்து ஏற்றியிருக்கலாம் என்று விளக்கினாள். “அதனாலதான் குழந்தை போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. பல காரணம் இருக்கும். மனசுல வெச்சுக்காத” என்று அவள் தலையைத் தடவினாள்.

அந்த இடத்திலும் நான் பேசவில்லை. இரண்டாவது தடவை.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் கழித்து, அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. பால் வற்ற மல்லிகைப் பூ வைத்துக் கட்டிவிட்டேன். அப்போதுதான் கேட்டேன். “ஏன்டி அப்டி சொன்ன டாக்டருகிட்ட?”

“எப்டி?”

“எனக்குத் தெரியாதுன்னு.”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இன்னாத்துக்கு அத்தை அதெல்லாம். நான் வீட்டுக்குள்ளயே இருந்துடலாம். நீங்க நாளைக்கும் அந்தக் கடையில போய் ஒக்காரணும் இல்ல?”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக யோசித்துச் சொன்னாள். இருபத்திரண்டு வயசுப் பெண், குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள், என் மானத்தைப் பற்றி யோசித்திருக்கிறாள்.

கடைக்குப் போனேன். அவள் சொன்னது போல உட்கார்ந்தேன். ஊரில் பேச்சு வேறு மாதிரி ஆகியிருந்தது. திருட்டுத்தனமாகத் தின்றாளாம், மாத்திரையை எறிந்தாளாம், பெற்ற பிள்ளையைத் தானே... அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அவள் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு போன அதே பெண்கள்தான் பேசினார்கள். பாய் வீட்டம்மா மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். நான் டப்பா நிரப்பினதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள். என் பக்கம் திரும்பாமல் வளையலை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்காமல் சுகாதார நிலையத்துக்கு நடந்து போனேன். வரிசை இருந்தது. வேண்டுமென்றே வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் நர்ஸம்மா, “இன்னாம்மா, பிரஷரா?” என்றாள்.

“இல்ல மேடம். எம் மருமவ மாத்திரைய எறியல. ஒண்ணு விடாம முழுங்கனா, நான்தான் குடுத்தேன். விபூதியும் நான்தான் குடுத்தேன். சலிச்சு, டப்பாவுல போட்டு, நான்தான் குடுத்தேன். நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னதும் நான்தான்.”

சத்தமாகத்தான் சொன்னேன். வரிசை அடங்கிவிட்டது. நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“நான் அந்தப் பொண்ண இத்தினி பேரு எதிர்ல திட்டினேனேம்மா” என்றாள். அவள் கண் கலங்கியது. “இத அன்னிக்கு சொல்றதுக்கு இன்னாம்மா உங்களுக்கு?”

அவள் மூக்கைச் சிந்திவிட்டு, அலமாரியிலிருந்து சின்ன மஞ்சள் மாத்திரை எடுத்தாள். அடுத்தது தங்குவதற்கு முன்னாலேயே இதைத் தொடங்க வேண்டும், குழந்தையின் முதுகெலும்புக்கு நல்லது, ரத்தத்துக்கு மாத்திரையும் இப்போதிருந்தே போட்டு உடம்பைத் தேற்ற வேண்டும், எலுமிச்சைச் சாறோடு போடச் சொல்லுங்கள், டீ வேண்டாம் என்றாள். “அவள வரச் சொல்லுங்க. நானே சொல்றேன். நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்.”

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லார் எதிர்லயுமா சொன்னீங்க?”

“ஆமா.”

கையில் இருந்த துணியை மூன்று முறை பிரித்து மடித்தாள். என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“நீங்க நெஞ்சுல போட்டுக்கினு இருந்தீங்களே. எப்டி இருந்தா?”

அதுவரைக்கும் அவள் அதைக் கேட்டதே இல்லை. பெற்றவள் அவள். கண்ணாடிக்கு வெளியே இருந்து இரண்டு முறை பார்த்ததுதான் அவளுக்குக் கிடைத்தது. அந்த நான்கு நாள் அவளுடையது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

சொன்னேன். காது மடல் வெற்றிலைக் கொழுந்து போல மெல்லிசாக இருந்தது என்று. பால் போகும்போது உதட்டைக் குவிப்பாள் என்று. இடது கை மட்டும் எப்போதும் மடங்கியே இருக்கும், விரலை விட்டால் பிடித்துக்கொள்வாள் என்று. மருமகள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் சத்தம் வந்து அழுதாள்.

இப்போதெல்லாம் தினமும் ஏதாவது கேட்கிறாள். மாத்திரையை அவளே எடுத்துக்கொள்கிறாள், என்னிடம் கேட்பதில்லை. கேட்பது குழந்தையைப் பற்றி மட்டும்தான். எந்தப் பக்கம் முகம் திருப்பி வைத்திருந்தாள், தும்மினாளா, பாதம் யார் மாதிரி. நான்கு நாளில் எவ்வளவு இருக்கும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது. புதிதாக ஒன்று கட்டிச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை விஷயத்தில் இனிமேல் இல்லாததைச் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இன்றைக்குக் காலையில், கொட்டாவி விட்டாளா அத்தை என்று கேட்டாள்.

ரொம்ப நேரம் யோசித்தேன். ஞாபகம் இல்லை, கண்ணு என்றுதான் சொன்னேன்.